அரண்மனை வண்டியில் காலியாக வைத்த இருக்கை

அமரவிளைப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் வரவில்லை. நான் வேலை பார்த்த கோழிப் பண்ணையில் தீவனக் கொட்டகைதான் எனக்குப் படுக்கை. மழையில் கூரை ஒரு பக்கம் ஒழுகத் தொடங்கியதும் முதலாளி குஞ்சுகளை நனையாத பக்கத்துக்கு மாற்றிவிட்டு என்னை ஒழுகும் பக்கத்தில் படுக்கச் சொன்னார். நனைந்தால் குஞ்சுக்குச் சீக்கு வரும், உனக்கு வராது என்றார். அவர் சொன்னது சரிதான், எனக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தெற்கே நடந்தேன். எனக்கு ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம், கரிசல் காடு. அங்கே இரண்டு மைல் நடந்தால் பார்ப்பதற்கு ஒரு வேலிக்கருவை கிடைக்கும். இங்கே வீடு முடியுமுன் அடுத்த வீடு, தென்னை முடியுமுன் ரப்பர். நடக்கிறவனுக்குத் தனியாக இருக்க இடமே கிடையாது.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சுற்றுலாப் பேருந்து ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. முகப்பில் 'அரண்மனை உலா' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக ஒரு கூட்டம் மரத்தடியில் நின்றது. டிரைவர் தனியாக ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஓய், கண்டுட்டு நிக்காம ஒரு கை பிடியும்" என்றார்.

லாரிப் பட்டறையில் கொஞ்ச நாள் இருந்தவன் நான். பையை இறக்கிவைத்துவிட்டு நட்டுகளைக் கழற்றினேன். வேலை முடிந்ததும், கழுத்தில் விசில் மாட்டிய ஒருவர் வந்து எங்கே போகணும் என்று கேட்டார். ஞானதாஸ் சார். பாறசாலையில் பழைய மிஷன் சபை ஒன்றின் செயலாளர், இந்த உலாவை நடத்துகிறவர்.

"தெக்க" என்றேன்.

"தெக்கன்னா கன்னியாகுமரியா?"

"வேலை கிடைக்கிற இடம் வரைக்கும்."

அதற்குள் டிரைவர், "ஏறட்டும் சாரே. கிளி இல்லாத வண்டியாக்கும். பயலுக்குக் காய்ச்சல். கதவத் தொறந்து அடைக்க ஒரு ஆளு வேணுமே" என்றார். இந்தப் பக்கம் பேருந்தின் வாசலில் நிற்கும் உதவி ஆளைக் கிளி என்பார்கள். நாற்பத்தாறு வயதில் நான் கிளியானேன்.

கூட்டம் ஏறியதும் கதவை அடைத்துவிட்டு உள்ளே பார்த்தேன். ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. டிரைவர் பக்கத்து வரிசையில், ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவரை ஒட்டி. நான் போய் உட்கார்ந்தேன்.

பேருந்து முழுக்கப் பேச்சு நின்றது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு அம்மாள் "ஏசுவே" என்று மெல்லச் சொன்னார். சட்டையில் கோழி நாற்றம் அடிக்கிறது என்று நினைத்துக் கையை ஒடுக்கிக்கொண்டேன். ஜன்னல்காரரிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசலாமென்று, "நீங்களும் இந்தச் சபையா?" என்றேன். அவர் வெளியே பார்த்தபடியே இருந்தார். கறுத்து இறுகிய ஆள், நாற்பதைத் தாண்டியவர், கண்ணோரத்தில் உப்பில் காய்ந்ததுபோலச் சுருக்கம். இன்னொரு முறை கேட்டேன். பதில் இல்லை. கோழி நாற்றம்தான் என்று முடிவுசெய்து பேசாமல் இருந்துவிட்டேன்.

ஞானதாஸ் சார் ஒலிபெருக்கியை எடுத்தார். விடியற்காலையில் நெய்யாற்றின்கரையில் பார்த்துவிட்டு வந்த பலாமரத்தைப் பற்றி, பார்த்தவர்களுக்கே மறுபடி சொன்னார். எதிரிகள் துரத்தியபோது இளவரசர் அந்தப் பலாவின் பொந்தில் ஒளிந்துகொண்டார், பிறகுதான் மகாராஜா ஆனார் என்பது கதை. அந்த மரத்தை நானும் பார்த்திருக்கிறேன். இப்போது வேலி கட்டி வைத்திருக்கிறார்கள். ஒளிந்திருந்த நேரத்தில் அவர் என்ன சாப்பிட்டார், யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். சொல்வதில்லை.

பாறசாலையில் வண்டி நின்றது. கதவைத் திறந்தேன். ஒரு பெண் ஏறினாள். நாற்பதை நெருங்கிய வயது, நல்ல உயரம், பச்சைச் சேலை. முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாலும் காதோரத்து முடியில் மாவு படிந்திருந்தது.

"சாரே, எனக்கு எங்க சீட்டு?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற எனக்குக் காது அடைத்தது. அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடும் குரல்.

 எல்லோரும் என்னையும் என் இடத்தையும் பார்த்தார்கள். பாதிதான் புரிந்தது, ஆனாலும் எழுந்து நின்றேன். பின்னாலிருந்த அம்மாள் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "அண்ணே, இஞ்ச வாருங்க, எனக்கப் பக்கத்துல ஒதுங்கி இரிக்கலாம்" என்றார். குழந்தைகூட உட்கார முடியாத இடம் அது.

"அவர எதுக்கு எழுப்புதிய மாமி? வீலு மாத்தினவராக்கும்னு போனுல சொன்னியளே. இரியுங்க அண்ணே." சொல்லிவிட்டு, வயதானவர்களுக்காக வண்டியில் போட்டிருந்த நீலப் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து, நடைபாதையில் என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் மாமி பெருமூச்சு விட்டது எனக்கு நன்றாகக் கேட்டது.

களியக்காவிளையில் பெயர்ப்பலகைகள் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறின. ஞானதாஸ் சார், "நாம இப்போ தமிழ்நாட்டுக்குள்ள வந்தாச்சு. ஆனா போற அரண்மனை கேரளத்துக்கச் சொந்தம். மண்ணு இவங்களுக்க, கெட்டிடம் நமக்கு" என்றார்.

"அப்போ உள்ள போய் வழுக்கி விழுந்தா எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவிய சாரே?" என்று யாரோ கேட்டார்.

"வடக்க பாத்து விழும். மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போவோம்."

சிரிப்பு அடங்குமுன் ஸ்டூலில் இருந்தவள் என் தலைக்கு மேலாக ஜன்னல்காரரிடம், "ஒங்களுக்கு வீடு பொழியூரா?" என்று கேட்டாள்.

அவர் உடனே திரும்பினார். நான் இரண்டு முறை கேட்டும் திரும்பாத முகம். "பொழியூருக்கு இந்தப் பக்கம். குளத்தூர் பஞ்சாயத்து" என்றார். அவருடைய குரலும் சின்னதில்லை.

"சிப்பி எடுக்கப் போறதாக்கும் வேல?"

"ஆமா. பாறையில முங்கி எடுக்கணும்."

"எவ்வளவு ஆழம் போவிய?"

 டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பின்னாலிருந்த மாமிக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று ஒரு கீர்த்தனையை எடுத்துக் கொடுத்தார். இவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்றுதானாம், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெண்கள் எல்லோரும் கைதட்டி உரக்கப் பாடினார்கள். ஜன்னல்காரர் அவள் வாயைப் பார்த்தார், காதை முன்னால் கொண்டுவந்தார், பிறகு கையை விரித்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். பாட்டு தக்கலை வரை நிற்கவில்லை. நடுவில் நான் கட்டைச் சுவர் மாதிரி இருந்தேன்.

பத்மநாபபுரத்தில் இறங்கியதும் செருப்பைக் கழற்றி ஒப்படைக்கச் சொன்னார்கள். அரண்மனை என்றால் மைசூரில் பார்த்ததுபோல் தங்கமும் கண்ணாடியும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது ஓட்டு வீடு. பல வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்த பெரிய ஓட்டு வீடு. குனிந்துதான் நுழைய வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது.

வாசலில் நின்றுகொண்டிருந்தபோது மேலே கடிகாரம் மணி அடித்தது. கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. ஜன்னல்காரர் மட்டும் எதிரே இருந்த தூணில் செதுக்கிய பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய வலது பக்கமாகச் சுற்றிப் போய் நின்று, "மணி அடிச்சுது" என்றேன்.

"அடிச்சுதா?" என்று என்னை முதல் முறையாகப் பார்த்தார். "நீங்க அந்தப் பக்கம் இருந்தா எனக்கு ஒண்ணும் கேக்காது. இடது காது போச்சு. நீங்க வண்டியில ஏதும் சொன்னியளா?"

"ஒண்ணுமில்ல."

அவர் பெயர் ஆன்டனி. பாறையடியில் மூச்சடக்கிக் கிடந்து சிப்பி பெயர்க்கிறவர்களுக்குக் காது போவது வழக்கம்தானாம். அந்தக் காது போய் நாளாயிற்று. இப்போது மற்றதிலும் இரைச்சல். இனி முங்கினால் அதுவும் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "முங்காம இருந்தா எனக்கு வேற வேல தெரியாது. இத அந்தப் பெண்ணுகிட்ட இன்னைக்குச் சொல்லணும். சொல்லாம இதுல ஒரு பதில் வாங்கப்பிடாது" என்றார்.

"எந்தப் பெண்ணு? என்ன பதில்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்தது, அந்தக் காலி இருக்கை உட்பட.

உள்ளே தரை கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டதாம். வெடித்துப்போன என் குதிகாலுக்கு அவ்வளவு குளிர்ச்சியான தரையை நான் மிதித்ததில்லை. மூலிகை மரத்தால் செய்த ராஜாவின் கட்டிலைக் காட்டினார்கள். அதில் படுத்தால் நோய் அண்டாது என்றார் ஞானதாஸ் சார். நான் மேலே பார்த்தேன். கூரை ஒழுகிய அடையாளம் எங்கும் இல்லை. அப்படிப்பட்ட கூரைக்குக் கீழே எந்தக் கட்டிலானாலும் நோய் வராது.

ஊட்டுப்புரை ஒரு நீள மண்டபம். மாடியிலும் கீழுமாக இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட இடம். பெரிய ஊறுகாய் ஜாடிகள் இன்னும் இருக்கின்றன. தினமும் மகாராஜாவின் செலவில் அன்னதானம் என்று ஞானதாஸ் சார் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் குறுக்கிட்டாள். அவள் பெயர் ஜெஸி.

"சாரே, ரெண்டாயிரம் பேருக்குச் சோறுன்னா தெனமும் எத்தன மூட நெல்லு. அப்போ மில்லு கெடையாது. இவ்வளவும் குத்தினது ஆராக்கும்?"

அவள் குரல் மண்டபத்தின் அந்தக் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. ஞானதாஸ் சார் கையிலிருந்த விசிலை உருட்டினார். அந்தக் கேள்வி அவருடைய உரையில் இல்லை.

"குத்தினது ஆரு, சுமந்தது ஆரு?" என்றார் பின்னால் ஒரு பெரியவர், சாதாரணமாக. "நம்ம ஆளுவ தான். மதிலுக்கு வெளிய வச்சிட்டுப் போவணும். உண்டது வேற ஆளுவ."

 வண்டியில் வந்தவர்களுடைய முப்பாட்டன்மார் இந்த வாசலுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்திருக்க முடியாது. பட்டுச் சேலையும் கட்டியிருக்க முடியாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஒருத்தி ஜாடிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அரண்மனைக் காவலர் ஒருவர் வந்து, சேச்சி, இங்கே சத்தமாகப் பேசக்கூடாது என்று மலையாளத்தில் பணிவாகச் சொன்னார். ஜெஸி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. முகம் சுண்டிப்போனது எனக்கே தெரிந்தது. குரலைக் குறைக்கச் சொல்லி இதற்கு முன்பும் யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த அறையில்தான் அது தொடங்கியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவள் ஒரு சுவரோரமும் நாங்கள் எதிர்ச்சுவரோரமும் நின்றோம். அவள் ஆன்டனியைப் பார்த்து, விரல்களைக் குவித்து வாய்ப் பக்கம் காட்டிப் புருவத்தைத் தூக்கினாள். பசிக்கிறதா என்று. ஆன்டனி உள்ளங்கையைத் தரைக்கு நேராகப் பிடித்து மெல்ல அழுத்தினார். பொறு என்று. "தண்ணிக்கு அடியில இப்பிடித்தான் பறையணும்" என்றார் என்னிடம். அவள் பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டினாள். அது அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

நாட்டியம் நடந்த கல் மண்டபத்தை ஒட்டி, மரச்சட்டம் அடித்த ஒரு மறைவு இருந்தது. ராணிமார் உள்ளே இருந்து ஆட்டத்தைப் பார்ப்பார்களாம். வெளியே இருப்பவர்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்களாம். பெண்கள் எல்லோரும் சட்டத்துக்குப் பின்னால் போய் நின்றார்கள். ஆண்கள் கல் தளத்தில் வரிசையாக நின்றோம்.

"பெண்ணு காணலுக்குப் பதிலா மாப்பிள காணலு" என்றது மாமியின் குரல். "நல்ல ஏற்பாடாட்டு இருக்கு. எலே ஆன்டனி, கொஞ்சம் நிமிந்து நில்லு மக்கா."

ஆன்டனி மாமி இருந்த திசையைத் தவிர எல்லாத் திசையிலும் பார்த்தார். அப்போது சட்டத்தின் இடுக்கு ஒன்றில் இரண்டு விரல்கள் வெளியே வந்தன. நகக்கணுவில் வெள்ளையாக மாவு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசின. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஞானதாஸ் சார் நாட்டியத்தைப் பற்றிச் சொன்னது ஒன்றும் அவருக்குக் கேட்டிருக்காது. அதற்குக் காது காரணமில்லை.

மதிய உணவு கோட்டைச் சுவர் ஓரத்து மரநிழலில். கிளி என்ற முறையில் பொதிச்சோற்றை இறக்கிப் பங்கிட்டேன். வாழையிலையை வாட்டி அதில் சிவப்பரிசிச் சோறு, மீன் வறுவல், முட்டை, தேங்காய்ச் சம்மந்தி என்கிற துவையல், மோர் மிளகாய் எல்லாம் வைத்துக் கட்டியது. எங்கள் ஊரில் கட்டுச்சோறு என்றால் புளிச்சோறு, அது நாக்குக்கு. இது பிரித்த உடனே மூக்குக்கு. கட்டினது லில்லி மாமி, காலையில் என்னை எழுப்பப் பார்த்த அதே அம்மாள், ஜெஸிக்குத் தாய்மாமன் மனைவி. மீதியிருந்த ஒரு பொதியையும் என் இலையில் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாண்டிக்காரரே, நீரு காலத்த எங்களுக்கு ஒரு வேல வச்சீரு கேட்டீரா" என்றார். காலத்த என்றால் காலையில். கோபமில்லாமல்தான் சொன்னார்.

கதை இதுதான். ஜெஸியின் அப்பா பாறசாலையில் மாவு மில் வைத்திருந்தார். அவர் போனபின் இவள் நடத்துகிறாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தட்டில் சாயா கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனாள். சிலர் மில்லை விற்றுவிட்டு வா என்றார்கள். கடைசியாக வந்தவனின் அம்மா, பெண்ணு கொள்ளாம், நல்ல பெண்ணுதான், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க என்றாள். மில் இரைச்சலில் நின்று வளர்ந்தவள் எப்படிக் குறைப்பாள்? அன்றைக்கே, இனி யார் முன்னாலும் சாயாத் தட்டோடு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"அதுக்காக்கும் இந்த அரமன. தட்டும் இல்ல, சாயாவும் இல்ல. ரெண்டும் ஒரே சீட்டுல இரிந்து போவும், வரும். ஒத்து வரலன்னா ஆருக்கும் நாணம் இல்ல, டூருக்கு வந்தோம்னு போவலாம். எல்லாரும் சேந்து அந்த சீட்ட ஒழிச்சு வச்சிருந்தோம்."

"நான் போய் உக்காந்துட்டேன்."

"நீரு போய் உக்காந்தீரு." அவர் ஊறுகாயை என் இலையில் வைத்தார். "இதுவும் நடக்கலன்னா இனி ஒருத்தரையும் கொண்டு வரப்பிடாதுன்னு சொல்லிட்டா. அவன் லத்தீன் கத்தோலிக்கன், நாங்க புரொட்டஸ்டன்ட், அதுக்கே வீட்டுல பாதிப் பேரு மொகம் தூக்கியாச்சு. அவளுக்காக நானும் செயலாளர் சாருமாட்டு நிக்கிறோம்."

அவர் போனபின் நான் கொஞ்ச நேரம் கோட்டைச் சுவரில் சாய்ந்து கிடந்தேன். எனக்கும் ஒரு காலத்தில் பெண் பார்த்தார்கள். நான் அன்றைக்கு ஊரில் இல்லை, விஜயவாடாவில் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனதை ஒரு மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக நினைவில்லை. ஆனால் யாரும் எனக்காக ஒரு இருக்கையை ஒழித்து வைத்ததில்லை என்பது அன்றைக்குத்தான் மனதில் பட்டது.

திரும்பும்போது நான் வாசல் படியிலேயே நின்றுகொண்டேன். அந்த இருக்கை மறுபடி காலியாக இருந்தது. ஜெஸி அதைப் பார்த்தாள், வண்டியிலிருந்த அத்தனை முகங்களையும் பார்த்தாள், நீல ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பழையபடி நடைபாதையில் உட்கார்ந்தாள். ஒழித்து வைத்த இடத்தில் உட்காரமாட்டாள் என்பது இப்போது எனக்கும் புரிந்துவிட்டது.

குழித்துறையில் ஆற்றுக்குப் பக்கத்தில் சாயா குடிக்க நிறுத்தினார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. ஜெஸி இறங்கி, சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் தனியாக நின்றாள். நான் கடையிலிருந்து கண்ணாடித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். ஆன்டனி வந்து என் தட்டிலிருந்து இரண்டு தம்ளர்களை எடுத்தார்.

"நான் கொண்டு போறேன் அண்ணே."

சாலையில் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. இடது காது கேட்காதவர் கையில் இரண்டு சூடான தம்ளரோடு நெடுஞ்சாலையைக் கடப்பது பார்க்கச் சுகமான காட்சி இல்லை. நான் தட்டை வைத்துவிட்டு அவருடைய இடது பக்கமாக ஓடிப்போய் ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தினேன். பாதி சாயா அவர் கையில் சிந்தியது. அவர் கையை உதறவில்லை.

ஜெஸி நீட்டிய தம்ளரைப் பார்த்தாள். அதை வாங்க அவளுக்கு நேரம் பிடித்தது. எதிர்ப்பக்கம் கடையில் எல்லோரும் கையில் தம்ளரோடு குடிக்காமல் நின்றார்கள்.

"எனக்கு ஒரு காது கேக்காது" என்றார் ஆன்டனி. சாலை இரைச்சலுக்கு மேலாகச் சொன்னதால் அது கடை வரைக்கும் கேட்டிருக்கும். "மத்ததும் போவும்னு டாக்டர் சொல்லுதாரு. இனி முங்கப்பிடாதாம். வேற வேல எனக்குத் தெரியாது. இத அறிஞ்சிட்டுப் பதில் சொன்னா போரும்."

அவள் ஒரு வாய் குடித்தாள். "மில்ல விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். அது தெரியுமா?"

"தெரியும். மாமி சொன்னாவ."

"மாமி சொன்னது இருக்கட்டு. இப்போ நான் சொல்லுதேன்."

"செரி."

"எனக்கச் சத்தமும் கொறயாது."

"கொறஞ்சா எனக்காக்கும் நட்டம்" என்றார் அவர். "வண்டியில இருக்கவங்கள்ல நீங்க ஒரு ஆளு பேசினதுதான் எனக்கு மனசிலாச்சு."

கடைப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார்கள். ஜெஸி சிரிக்கவில்லை. மீதிச் சாயாவைக் குடித்து முடித்துத் தம்ளரை என்னிடம் கொடுத்தாள்.

"ஆலோசிக்கணும்" என்றாள். "நீங்களும் ஆலோசிங்க."

வண்டி கிளம்பியதும் ஞானதாஸ் சார் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தார். "ஜெஸி, ஒருவேள ஒத்து வந்தா, ஆராதன எந்தச் சபையிலன்னு இப்பமே ஒரு பேச்சு…"

"சாரே, மைக்க எடுத்து அந்தப் பலாமரத்தப் பத்தி இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். அவரும் எடுத்துச் சொன்னார். இந்த முறை பாட்டு யாரும் பாடவில்லை.

பாறசாலையில் இறங்கும்போது படியில் நின்ற என்னிடம், "அண்ணே, நாளைக்கு வேல உண்டா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சாக்கு தூக்குவியளா?"

"தூக்குவேன்."

"அப்போ காலத்த மில்லுக்கு வாருங்க. ஸ்டேஷன் ரோட்டுல கேட்டா சொல்லுவாவ. குளிச்சிட்டு வரணும், கேட்டியளா. மாவுல கோழி மணம் வரப்பிடாது."

அன்று பேருந்திலேயே படுத்துக்கொள்ள டிரைவர் சம்மதித்தார். பின்னால் நீள இருக்கை. மழை பெய்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

காலையில் ரயில் நிலையத்துக் குழாயில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு மில்லுக்குப் போனேன். பெல்ட் ஓடத் தொடங்கினால் அங்கே யாரும் வாய் திறந்து பயனில்லை. அதனால் எல்லாமே கைதான். ஜெஸி முதலில் அதைச் சொல்லிக் கொடுத்தாள். கையைப் பாதி மூடிக் காட்டினால் புட்டுக்கு, கொஞ்சம் பருவட்டாக அரைக்க வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசினால் அப்பத்துக்கு, நைஸாக. நேற்று அரண்மனையின் மரச்சட்டத்தில் பார்த்தது அதுதான். அங்கே நின்றுகொண்டு அவள் அரிசிமாவைப் பற்றியா கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அந்த இரைச்சலில் பதில் கேட்டிருக்காது.

வாசலில் வரிசை நின்றது. இரண்டு பெண்களுக்குப் பின்னால், கையில் துணி மூடிய வாளியோடு ஆன்டனி நின்றார். குளத்தூரிலிருந்து இங்கே வருவதற்குள் எத்தனை மில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஸ்டேஷன் ரோட்டில் மட்டுமே நான் ஒன்றைத் தாண்டித்தான் வந்திருந்தேன்.

அவர் முறை வந்தது. ஜெஸி எப்படி அரைக்க என்று புருவத்தைத் தூக்கினாள். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டினார், நேற்றுப் பார்த்தது பார்த்தபடியே.

அவள் துணியை விலக்கி, நாலு அரிசியை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினாள். அது களியாக மசிந்தது. மாவுக்கு அரிசி கொஞ்ச நேரம் ஊறினால் போதும் என்பது வீட்டில் மாவு இடிக்கிற யாருக்கும் தெரியும். இது ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்த அரிசி. வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள் போன உடனே ஊறப்போட்டிருக்கிறார். இப்படி ஈரமாகக் கொட்டினால் மில் அடைத்துக்கொள்ளும். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாள்.

அவள் நசுங்கிய அரிசியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைத் தரைக்கு நேராகப் பிடித்து மெல்ல அழுத்தினாள். பொறு என்று. அது மில் ஜாடை இல்லை. அவர் போய்ச் சுவரோரத்துப் பலகையில், வலது காது அவள் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்தார்.

என்னைப் பார்த்து வாளியையும் மின்விசிறிக்குக் கீழே கிடந்த பாயையும் காட்டினாள். ஆக, அந்த மில்லில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஆன்டனியின் அரிசியை உலர்த்துவது. மெல்லிசாகப் பரப்பினால் சீக்கிரம் காய்ந்துவிடும். நான் கனமாகப் பரப்பினேன்.